சோளப்பாகும் கரும்புச் சீனியும் கல்லீரலுக்கு ஒன்றுதான்

பாசிர் கூடாங்கைத் தாண்டித் தஞ்சோங் லங்சாட் துறைமுகத்துப் பக்கம் போனால் ஒரு சீனி ஆலை இருக்கிறது. எம்.எஸ்.எம். நிறுவனத்தின் ஜொகூர் ஆலை அது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கச்சாச் சீனியைச் சுத்திகரிக்கும் திறனோடு கட்டப்பட்டது. கப்பலில் வந்து இறங்கும்போது பழுப்பாக, ஈர மணலைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சரக்கு, கழுவிக் கரைத்து வடிகட்டி மறுபடி படிகமாக்கியபின் வெள்ளை வெளேரென்று பொட்டலத்தில் ஏறுகிறது. பிரேசில், தாய்லாந்து போன்ற நாடுகளில் விளைந்த கரும்பின் சீனி அது. ஜொகூர் மக்களின் தேநீரிலும் கேசரியிலும் குளிர்பானத்திலும் கரைவது பெரும்பாலும் இந்தக் கரும்புச் சீனிதான். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளாக நம் குடும்பங்களின் கைப்பேசிகளில் ஓர் எச்சரிக்கை சுற்றிச் சுற்றி வருகிறது. அமெரிக்கர்களைப் பருமனாக்கியதும் நோயாளிகளாக்கியதும் சோளப்பாகு; தின்பண்டத்தின் பின்புறத்தில் அந்தப் பெயரைக் கண்டால் கீழே வைத்துவிடுங்கள்; நல்லவேளை, நம் ஊரில் அசல் சீனி. இந்த எச்சரிக்கையின் முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. கடைசியில் வரும் அந்த ஆறுதலில் உண்மை இல்லை. நம் மக்களைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் ஆபத்தானதும்கூட.

சோளப்பாகு என்று எல்லாரும் பேசும் பொருளின் முழுப்பெயர் ஹை ஃபிரக்டோஸ் கார்ன் சிரப். சோளம் என்றால் இங்கே மக்காச்சோளம். அதன் மாவுச்சத்தை நொதிகளால் உடைத்தால் குளுக்கோஸ் பாகு கிடைக்கும். குளுக்கோஸுக்கு இனிப்பு குறைவு. அதில் ஒரு பகுதியை, கூடுதல் இனிப்புள்ள ஃபிரக்டோஸாக மாற்ற இன்னொரு நொதி வேண்டும். அமெரிக்காவில் மார்ஷல், கூயி என்ற இருவர் 1957-இல் அதற்கு வழி கண்டார்கள். 1960-களில் ஜப்பானியர் தகாசாகி அதைத் தொழிற்சாலைக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். 1967-இலிருந்து அமெரிக்க ஆலைகள் இந்தப் பாகை விற்கத் தொடங்கின. பெயரில் இருக்கும் ‘ஹை’ என்ற சொல்தான் பலரையும் மிரட்டுகிறது. ஃபிரக்டோஸே இல்லாத சாதாரணச் சோளப்பாகோடு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. கரும்புச் சீனியோடு ஒப்பிட்டு வைத்ததன்று. ரொட்டி, பிஸ்கட், சாஸ் வகைகளில் சேரும் பாகில் ஃபிரக்டோஸ் 42 விழுக்காடு. குளிர்பானங்களில் சேரும் பாகில் 55 விழுக்காடு. கரும்புச் சீனியில்? சரிபாதி, 50 விழுக்காடு. வீட்டில் மருந்தாக மதித்து வைத்திருக்கும் தேனின் சர்க்கரையை எடுத்துக்கொண்டால், அதிலும் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

அமெரிக்கக் குளிர்பான நிறுவனங்கள் இந்தப் பாகுக்கு மாறியது சுவைக்காக அன்று, விலைக்காக. உள்நாட்டு விவசாயிகளைக் காக்க அந்நாட்டு அரசு இறக்குமதிச் சீனிக்கு வரியும் அளவுக் கட்டுப்பாடும் விதித்தது. சீனி விலை ஏறியது. மக்காச்சோளமோ அங்கே மலைமலையாய் விளைந்தது. 1980-இல் கோக்கா கோலா பாதியளவு பாகுக்கு அனுமதி தந்தது; 1984-க்குள் அமெரிக்கத் தொழிற்சாலைகள் முழுவதுமாக மாறின. குளிர்பானத்தில் மட்டுமா? ரொட்டி, தக்காளிச் சாஸ், தயிர், காலை உணவுத் தானியம் என்று எல்லாவற்றிலும் பாகு நுழைந்தது. நீர்மமாக இருப்பதால் குழாய் வழியே கலக்கலாம்; உணவை ஈரமாக வைத்திருக்கும்; கெட்டுப்போவதைத் தள்ளிப்போடும். உற்பத்தியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

குற்றச்சாட்டு வலுப்பெற்றது 2004-இல். பிரே, நீல்சன், பாப்கின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், 1970-க்கும் 1990-க்கும் இடையில் அமெரிக்காவில் இந்தப் பாகின் நுகர்வு பத்து மடங்குக்கு மேல் ஏறியதையும் அதே காலத்தில் உடல் பருமன் ஏறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆராயத் தூண்டும் ஒரு கருதுகோளாகத்தான் அதை முன்வைத்தார்கள். ஊடகங்களுக்கு ‘இருக்கலாம்’ என்ற சொல் எப்போதும் காதில் விழுவதில்லை. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்தப் பாகின் நுகர்வு 1999-ஆம் ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அங்கிருந்து இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. உடல் பருமன் இறங்கவில்லை; ஏறிக்கொண்டே போனது. பக்கத்து நாடான மெக்சிகோவின் கண்ணாடிப் புட்டிக் கோலாவை, கரும்புச் சீனியில் செய்தது என்பதற்காகவே அமெரிக்கர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த மெக்சிகோவோ உடல் பருமனும் நீரிழிவும் தாங்க முடியாமல் 2014-இல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்ட நாடு. 2025 ஜூலையில், அமெரிக்காவிலும் கரும்புச் சீனிக் கோலாவை விற்கப்போவதாகக் கோக்கா கோலா நிறுவனம் அறிவித்தபோது, அதை உடல்நலத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். புட்டிக்குள் மாறியது வணிகக் கணக்கு. குடிப்பவரின் ரத்தத்தில் எதுவும் மாறப்போவதில்லை.

ஏன் என்று பார்ப்போம். கரும்புச் சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பது. சிறுகுடலின் சுவரில் இருக்கும் ஒரு நொதி அந்தக் கையை நொடியில் பிரித்துவிடும். அதன்பின் ரத்தத்துக்குள் போவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். வந்தது கரும்பிலிருந்தா சோளத்திலிருந்தா என்று கேட்க உடலில் ஆள் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோலா போன்ற புளிப்புப் பானங்களில் கரைத்த கரும்புச் சீனி, புட்டியில் இருக்கும்போதே அமிலத்தால் மெல்ல மெல்லப் பிரியத் தொடங்கிவிடுகிறது. கடை அலமாரியில் சில வாரம், சில மாதம் வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ‘அசல் சீனி’ப் பானத்தில், நீங்கள் மூடியைத் திறப்பதற்குள்ளாகவே நல்ல பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக மாறியிருக்கும். சோளப்பாகிலிருந்து அதைப் பிரித்துப் பார்க்க ஆய்வகம்தான் வேண்டும்.

பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நோயின் வேர் இருக்கிறது. குளுக்கோஸை உடலின் எல்லா உறுப்புகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மூளை, தசை, இதயம் எதுவும் விலக்கில்லை. ஃபிரக்டோஸைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரல். ஒரு மாம்பழத்தையோ கொய்யாவையோ மென்று தின்றால், நார்ச்சத்தோடு சேர்ந்து அது மெதுவாக உள்ளே போகும். சிறுகுடலே பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். பானமாக ஒரே மடக்கில் குடித்தால் வெள்ளம்போல் கல்லீரலில் வந்து விழுகிறது. குளுக்கோஸ் எரிவதற்கு உடலில் ஒரு தடுப்பு உண்டு: போதும் என்ற நிலை வந்தால் வேகம் குறையும். கல்லீரலில் ஃபிரக்டோஸின் பாதைக்கு அந்தத் தடுப்பு இல்லை. வருவதையெல்லாம் உடைத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்கி, கல்லீரலிலேயே சேர்த்துவைக்கும். மீதியை ரத்தத்தில் அனுப்பும். இதே பாதையில் யூரிக் அமிலமும் கூடும். மது தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் அறிக்கை வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் கதைகளில் இது முக்கியமானது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. நீரிழிவை நம் ஊரில் இனிப்புநீர் என்கிறோம். அதன் முன்வாசல் இது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும்தானா, மனிதர்களில் பார்த்தார்களா என்று கேட்பது நியாயம். பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 94 ஆரோக்கியமான, ஒல்லியான இளைஞர்களை வைத்து ஏழு வாரம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. தினமும் 80 கிராம் சீனி கொண்ட பானம். ஒரு குழுவுக்கு ஃபிரக்டோஸ், ஒரு குழுவுக்குக் குளுக்கோஸ், ஒரு குழுவுக்குச் சாதாரணச் சீனி, இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஃபிரக்டோஸ் குடித்தவர்களின் கல்லீரல், கொழுப்பு உண்டாக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கியிருந்தது. சாதாரணச் சீனி குடித்தவர்களுக்கும் அதே இரண்டு மடங்கு. குளுக்கோஸ் குழுவில் அப்படி இல்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரும்புச் சீனிப் பானத்தையும் சோளப்பாகுப் பானத்தையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இரு குழுவிலும் கல்லீரல் கொழுப்பு கூடியிருந்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த ஒரு கட்டுரை, எடையிலோ ரத்தக் கொழுப்பிலோ வேறுபாடு காணவில்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ஓர் அளவு மட்டும் சோளப்பாகில் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு குறியீட்டைப் பிடித்துக்கொண்டு கரும்புச் சீனியைக் குற்றமற்றதென்று விடுவிக்கவும் முடியாது.

சோளப்பாகு பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றைச் சொன்னால் ஐயம் இன்னும் தெளியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் சீனியைப் பங்கீட்டில் வைத்தது. 1953 செப்டம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் மக்களின் சீனி நுகர்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. கட்டுப்பாடு நீங்குவதற்குச் சற்று முன்பு கருவில் இருந்தவர்கள், நீங்கியபின் கருவில் வந்தவர்கள் என்று இரு பிரிவினரையும் முதுமை வரை தொடர்ந்த தகவல்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சீனிக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைவு. ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 20 விழுக்காடு குறைவு. அவர்கள் சாப்பிட்டதும் சாப்பிடாமல் இருந்ததும் கரும்பு, பீட்ரூட் வகைச் சீனி. சோளத்துக்கு அதில் பங்கே இல்லை. பச்சைக் குழந்தையின் பால் புட்டியில் சீனி போடும் பழக்கம் உள்ள வீடுகள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சோளப்பாகு நல்லதா என்று திருப்பிக் கேட்கலாம். நல்லது என்று நான் சொல்லவில்லை. சீனியைவிட மலிவாக, எதில் வேண்டுமானாலும் கலக்கக்கூடியதாக இருந்ததால், இனிப்பே தேவையில்லாத உணவிலும் அது இனிப்பைப் புகுத்தியது. அந்தக் குற்றம் அதைச் சேரும். ஜொகூருக்கும் அது வராமல் இல்லை. பபிள் டீ கடையில் கவனித்துப் பாருங்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெட்டிபோல் இயந்திரம் இருக்கும். விசையை அழுத்தினால் தண்ணீர் நிறத்தில் கெட்டியான பாகு அளவாக வந்து குவளையில் விழும். ‘நூறு விழுக்காடு இனிப்பா, எழுபதா, ஐம்பதா’ என்று கேட்பது அந்த விசையை எத்தனை அழுத்தலாம் என்பதற்குத்தான். அந்தப் பாகு பெரும்பாலும் ஃபிரக்டோஸ் சிரப். அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகளும் சீனிப்பாகில் ஊறியவை என்பதால், ‘ஐம்பது விழுக்காடு’ கேட்டவருக்கும் பாதி இனிப்பு மட்டும் போவதில்லை. இறக்குமதி பிஸ்கட், சாஸ், ஜாம் ஆகியவற்றின் ராமுவான் (சேர்பொருள்) பட்டியலில் ‘சிராப் ஃபிருக்தோசா’, ‘சிராப் ஜாகுங்’ என்ற சொற்களைப் பார்க்கலாம். பார்த்தால் ஒதுக்குங்கள். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே வெறும் ‘குலா’ (சீனி) என்று எழுதியிருக்கும் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடாதீர்கள்.

குலா மெலாக்கா, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை பற்றியும் கேட்பார்கள். மணம் உண்டு, சுவை உண்டு, சிறிதளவு தாதுக்களும் உண்டு. ஆனால் அவற்றின் எடையில் மிகப் பெரும்பகுதி அதே சீனிதான். பாட்டி காலத்தில் கருப்பட்டி தின்றவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்களே என்பார்கள். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரம் மரமாக நடந்தவர்கள் அவர்கள். நாளுக்கு ஒரு சில்லு கருப்பட்டி அவர்களுக்கு எங்கே போயிற்றென்றே தெரியாது.

இந்தப் பேச்சு மலேசியர் எல்லாருக்கும் பொருந்தும். தமிழர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களில் மட்டும் அது 31 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. எல்லா இனத்தவரிலும் அதுவே அதிகம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அப்போதும் ஆறு பேரில் ஒருவர். அதே ஆய்வின்படி வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். தெற்காசியர்களின் உடல்வாகில் ஒரு சிக்கல் உண்டு: கை கால் மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும். பார்த்தால் ஒல்லி; கல்லீரல் பருமன். ஃபிரக்டோஸ் கொழுப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் அதுவே. 2009-இல் வந்த ஒரு பத்து வார ஆய்வில், குளுக்கோஸ் பானம் குடித்தவர்களும் ஃபிரக்டோஸ் பானம் குடித்தவர்களும் ஒரே அளவுதான் எடை கூடினார்கள். ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தது ஃபிரக்டோஸ் குழுவுக்கு. நமக்கு ஏற்கெனவே பலவீனமான இடத்தில் விழும் அடி இது.

வரலாறும் இங்கே வந்து நிற்கிறது. ரப்பருக்கு முன்பே தமிழர்களை இந்த மண்ணுக்குக் கூலிகளாக இழுத்தது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் வேலை செய்தவர்கள் தமிழர்கள். நேட்டாலிலும் மொரிஷியஸிலும் பிஜியிலும் அதே கதை. மற்றவர்களின் தேநீருக்குச் சீனி வெட்டிய கைகள் அவை. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தச் சீனி பார்க்கும் நிலை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

சோளப்பாகைப் பற்றிய அச்சம் எவ்வளவு தவறான திசையில் நம்மைப் பார்க்கவைக்கிறது என்பதற்கு ஒரு மாமாக் கடை மேசையே சாட்சி. தே தாரேக் ஆற்றுபவரின் கையைப் பாருங்கள். குவளையின் அடியில் முதலில் விழுவது சாயம் அன்று. டின்னிலிருந்து நூல்போல் இறங்கும் கெட்டிப்பால். இப்போது பெரும்பாலும் அது பாலும் அன்று, ‘கிரிமர் பெக்காட் மானிஸ்’. சீனியும் செம்பனை எண்ணெயும் பால்தூளும் சேர்ந்த கலவை. எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு குவளைக்குள் மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடான இனிப்பு இறங்கிவிடும். காலையில் ஒன்று, பத்து மணிக்குப் பொட்டலம் கட்டிக் கயிற்றில் தொங்கும் தே ஐஸ் ஒன்று, மதியம் சோற்றோடு சிராப், மாலையில் மீலோ. உலகச் சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சீனிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு, ஒரு நாளைக்குக் கிடைக்கும் ஆற்றலில் பத்து விழுக்காடு; சராசரிப் பெரியவருக்கு 50 கிராம், ஏறத்தாழப் பன்னிரண்டு தேக்கரண்டி. பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. தட்டில் ஒரு பருக்கை விழுவதற்கு முன்பே குவளைகள் அதைத் தாண்டிவிடுகின்றன. இதில் சோளப்பாகு எங்கே?

சோற்றை விட்டுவிட்டுத் தேநீரைப் பிடிப்பானேன், வெள்ளைச் சோறும் ரொட்டி சானாயும்தானே இனிப்புநீருக்குக் காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு ரத்தச் சீனியை ஏற்றும். அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு வேறுபாடுகள். சோறு செரித்துத் தருவது குளுக்கோஸ் மட்டுமே. கல்லீரலைக் குறிவைக்கும் ஃபிரக்டோஸ் அதில் கிடையாது. இரண்டாவது, சோறு தின்றால் வயிறு நிறைந்ததென்று உடலுக்குத் தெரியும். குடித்த சீனியை உடல் உணவாக மதிப்பதில்லை. ஒரு டின் குளிர்பானம் குடித்தவர் அதற்கு ஈடாகச் சோற்றைக் குறைப்பதில்லை. சீனி அப்படியே மேலதிகமாகச் சேர்கிறது. பழக்கத்தை மாற்றுவதில் பார்த்தாலும், மூன்று வேளைச் சோற்றை மாற்றுவதைவிட மூன்று குவளையை மாற்றுவது எளிது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை முதல் நாள், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது. 2024-இல் அது 50 சென் ஆனது. 2025-இல் 90 சென். வரிக்குப் பயந்து பல நிறுவனங்கள் சீனியை 5 கிராமுக்குக் கீழே இறக்கின; அலமாரியில் ‘குறாங் மானிஸ்’ (இனிப்புக் குறைவு) என்ற எழுத்து பெருகியது. ஒரு சட்டம் சாதித்த நல்ல காரியம் அது. இந்தச் சட்டம் கரும்பென்றும் சோளமென்றும் பிரித்துப் பார்க்காமல் சீனியின் அளவை மட்டும் பார்த்தது இன்னும் சரி. ஆனால் அந்த வரி கடையில் ஆற்றும் தேநீரைத் தொடுவதில்லை. அதோடு, வரி போட்ட அதே அரசு, சாதாரணச் சீனியின் விலையைக் கிலோவுக்கு 2 ரிங்கிட் 85 சென் என்று 2018 முதல் கட்டிப்பிடித்து வைத்தது. உலகச் சந்தையில் கச்சாச் சீனி விலை ஏறியபோது, ஆலைகளுக்கு நட்டம் வராமல் இருக்க 2023 நவம்பரிலிருந்து கிலோவுக்கு ஒரு ரிங்கிட் ஊக்கத்தொகையும் கொடுக்கத் தொடங்கியது. 2013 அக்டோபரில் உதவித்தொகையை முற்றாக நீக்கிய நாடு இது. ஒரு கை சீனிக்கு வரி போட்டது. மறு கை அதே சீனியை மலிவாக்கப் பணம் தந்தது. இரண்டில் எது கொள்கை?

சீனி ஏழையின் பொருள், விலை ஏறினால் பாதிக்கப்படுவது தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். எளிதில் தள்ளிவிடக்கூடிய பதில் அன்று அது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்கு இடைவேளையில் ஓர் இனிப்பான தேநீர் கிடைக்கும் சுகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடக் காரணம் நீரிழிவு. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் படுக்கையில். நாள்கூலிக்காரர் அந்த மூன்று நாள் சம்பளத்தையும் இழக்கிறார். அழைத்துப்போக வீட்டில் இன்னொருவரும் இழக்கிறார். கால் விரலை எடுத்தபின் வேலையே போகிறது. கிலோவுக்கு ஒரு ரிங்கிட் மிச்சப்படுத்திக் கொடுத்து, பிற்பாடு காலையும் சிறுநீரகத்தையும் வாங்கிக்கொள்ளும் மலிவு ஏழைக்குச் செய்யும் உதவி ஆகாது. அந்த ஊக்கத்தொகைப் பணத்தைப் பள்ளிக்கூடக் காலை உணவுக்கோ முட்டைக்கோ காய்கறிக்கோ திருப்பினால் அது உதவி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஜொகூர் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து டின், புட்டிப் பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சி. 10 கிராமைத் தாண்டினால் டி. சி, டி வாங்கியவை அதை முன்பக்கத்தில் அச்சிட்டே ஆக வேண்டும். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரம் கூடாது. 2023 டிசம்பர் இறுதியில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது நீண்டது. அங்கே விற்கும் டின், புட்டிப் பானங்களின் சீனி, 2017-இல் இடைநிலையாக 7.1 விழுக்காடாக இருந்தது, 2023-இல் 4.6-க்கு இறங்கியது. எழுத்தே படிக்கத் தெரியாத முதியவருக்கும் சிவப்பு ‘டி’ புரியும். ‘ஜும்லா குலா’ என்ற வரியைத் தேடி, 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு, 320 மில்லிலிட்டர் டின்னுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் வேலையை நம் பக்கத்து மக்கள் தலையில் மட்டும் ஏன் சுமத்த வேண்டும்? சட்டமாக, கட்டாயமாக இங்கும் அது வேண்டும். இந்தக் குரல் நமக்குப் புதிதும் அன்று: பல பத்தாண்டுகள் சீனியை எதிர்த்துப் பேசிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் அதன் தலைவராக இருந்த மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிசும், சீனிக்கு எதிரான பேச்சு அமைச்சர்களின் வாயில் வருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே அதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பு போட்டுக்கொள்ளலாமே என்றால், எடை குறைக்க அதை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது. நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவதுதான் வழி. பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை; முதல் வாரம் கசக்கும், போகப்போக வழக்கமான தேநீர்தான் திகட்டும். அதுவரை ‘குறாங் மானிஸ்’ என்றாவது சொல்லுங்கள்.

ஜொகூரின் கோயில்களில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயிலில் நடந்து வருபவருக்குக் குளிர்ந்ததைக் கொடுப்பது பெரிய தருமம், அதில் சந்தேகமில்லை. ஆனால் வரிசையில் நிற்கும் இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இனிப்புநீர்க்காரர். அந்தச் சிவப்பு ரோஸ் சிரப் பீப்பாய்களில் பாதியையாவது அடுத்த பூசத்துக்கு உப்புப் போட்ட நீர்மோராக மாற்றுங்கள்; பானகத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுங்கள். மோருக்குக் கறிவேப்பிலையும் இஞ்சியும் போதும், சீனி வேண்டாம்.